தொட்டியக்கா லாரிக்கு ஃபேன் மாற்றிய கதை

எங்கள் அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், பாத்திரத்தைப் போட்டு உடைக்க மாட்டாள். எதையாவது கழற்ற ஆரம்பித்துவிடுவாள். கல்யாணமான புதிதில் அத்தானோடு சண்டை வந்தபோது வீட்டு வாசற்கதவைக் கழற்றி, கீல்களுக்கு எண்ணெய் போட்டு, மறுபடி மாட்டினாளாம். அத்தான் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டார், கதவில்லாத வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த மனிதர். அதனால் பத்து நாள் விடுப்பில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, லாரியின் முன்பக்கம் முழுவதும் துண்டுதுண்டாகத் தரையில் பரப்பிக் கிடப்பதைப் பார்த்ததும் விஷயம் பெரியது என்று புரிந்துகொண்டேன்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. சுற்றுவட்டாரத்தில் 'தொட்டியக்கா' என்றால்தான் அவளைத் தெரியும். மீன்குஞ்சு வளர்த்து விற்பது அவர்கள் தொழில். வீட்டுக்குப் பின்னால் எட்டுக் குளங்கள் இருக்கின்றன. குளங்களை அத்தான் பார்த்துக்கொள்வார். இரண்டு பெரிய தண்ணீர்த் தொட்டிகள் பொருத்திய பழைய லாரியில் குஞ்சுகளைக் கொண்டுபோய் உயிரோடு சேர்ப்பது அக்காவின் பொறுப்பு. முதலில் டிரைவர்தான் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் செங்கல் லோடு ஓட்டிப் பழகியவர்கள். பிரேக்கை ஓங்கி மிதிப்பார்கள், தொட்டித் தண்ணீர் சுவரில் போய் மோதும், குஞ்சுகள் செதில் உரிந்து மிதக்கும். மூன்று டிரைவர்களைப் பார்த்துவிட்டு, நாற்பத்திரண்டாவது வயதில் அக்கா தானே போய் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டாள். தேர்வு வைத்த அதிகாரி "பிரேக் போடும்மா, போடும்மா" என்று கத்தினாராம். "போட்டாச்சு சார். வண்டி நின்னு ஒரு நிமிஷம் ஆச்சு, உங்களுக்குத்தான் தெரியல" என்றாளாம்.

அவள் கொண்டுபோகும் இடங்களில் பெரியது மலைமேல் இருக்கும் ஏரி. அங்கே ஒரு மீனவர் சங்கம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை இருபதாயிரம் குஞ்சு வாங்கி ஏரியில் விடுவார்கள். மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் ஐந்நூறு, ஆயிரம் என்று வாங்குகிறவர்கள். அந்த ஏரி கையில் இருந்தால் பண்ணை இருக்கும். இல்லாவிட்டால் எட்டுக் குளங்களில் ஆறைத் தூர்த்துவிட வேண்டியதுதான். இது அத்தானுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், கணக்கில் மந்தமான எனக்கே தெரியும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நாலாயிரம் குஞ்சுகள் வழியில் செத்தன. போன வருஷம் பதினோராயிரம். சங்கத்தின் செயலாளர் நேராகவே சொல்லிவிட்டார்: "இந்த ஒரு தடவை பாப்போம்மா. இதுவும் செத்துச்சுன்னா வேற பண்ணையைப் பாத்துக்கறோம்."

சாவுக்குக் காரணம் மீனில் இல்லை, லாரியில் இருந்தது. மலைச்சாலையை அகலப்படுத்துகிறோம் என்று இரண்டு வருஷமாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி வைத்து மறுபக்கத்தை விடுவார்கள். அந்த வரிசையில் லாரி நிற்கும்போது எஞ்சின் கொதிக்கும். பழைய லாரிகளில் ரேடியேட்டரைக் குளிரவைக்கும் ஃபேனை எஞ்சினே பெல்ட் போட்டுச் சுற்றும். எஞ்சின் மெதுவாக ஓடினால் ஃபேனும் சோம்பிவிடும். போதாததற்கு இந்த லாரியில் ஃபேனை எஞ்சினோடு பிணைக்கும் க்ளட்ச் வேறு தேய்ந்துபோய், எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் அது ஏனோதானோ என்றுதான் சுற்றியது. அந்த மாடலுக்குப் புது க்ளட்ச் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. போன வருஷம் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டதும் அக்கா எஞ்சினை அணைத்தாள். தொட்டிகளுக்குக் காற்று ஊதும் பம்ப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பேட்டரியும் படுத்துவிட்டது. இருபது நிமிஷம் காற்றில்லை. அந்த இருபது நிமிஷத்தில் போனவைதான் பதினோராயிரமும்.

வலை உலர்த்தும் கொட்டகைக்கு என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் அத்தான் சொன்னார்: "மச்சான், நீதான் அவகிட்ட பேசணும். இந்த வருஷம் போக வேண்டாம். லாரியை வித்துடலாம். நீ சொன்னா கேப்பா."

"எப்ப அத்தான் கேட்டிருக்கா? சின்ன வயசுலயே என் சைக்கிளைக் கழட்டிப் போட்டவ."

அவர் சிரிக்கவில்லை. "போன வருஷம் திரும்பி வந்து ஒரு மாசம் யார்கிட்டயும் பேசல. சாப்பிட உக்காருவா, தட்டைப் பாத்துட்டே இருப்பா. குளம் போனா போகட்டும்டா. இன்னொரு தடவை அவளை அப்படிப் பாக்க என்னால முடியாது."

சரி என்று தலையாட்டிவிட்டேன். எனக்கு இரண்டு பக்கமும் தலையாட்டுகிற கெட்ட பழக்கம் உண்டு. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவனுக்கு அது தொழில் வியாதி.

வாசலுக்கு வந்தால் அக்கா ரேடியேட்டருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு ஃபேன்கள். பழைய சாமான் கடையில், அடிபட்ட கார்களிலிருந்து எடுத்தவை. "எஞ்சின் சுத்தற ஃபேன் வேணாம்னு தூக்கிட்டேன். கரண்ட்ல சுத்தற ஃபேன் போடறேன். வண்டி நின்னாலும் இது முழு வேகத்துல ஓடும்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கையில் ஒரு நட்டைக் கொடுத்து, "இதைத் தொலைக்காம வச்சுக்கோ" என்றாள். அத்தான் சொல்லச் சொன்னதை அப்படியே மென்று விழுங்கினேன்.

உதவிக்கு ஒரு மெக்கானிக் வந்தார். குளத்து மோட்டார்களைப் பழுதுபார்ப்பவர். என்ன கேட்டாலும் முதலில் "பொறுங்க" என்பார். அதனால் அவர் பெயரே 'பொறுங்க' ஆகிவிட்டது. நல்ல கைக்காரர். ஆனால் லாரிக்கு ஃபேன் மாற்றுவது அவருக்கும் அதுதான் முதல் தடவை. இரண்டு பேருமாக மூன்று நாள் மல்லுக்கட்டினார்கள். பழைய ஃபேன் இருந்த இடத்தில், ரேடியேட்டருக்குப் பின்னால், இரும்புப் பட்டை அடித்து இரண்டு ஃபேன்களையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தினார்கள். சூடு ஏறினால் தானாக ஓட ஒரு சென்சார், நாமே போட்டுக்கொள்ள டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச், தடிமனான வயர், ரிலே, ஃப்யூஸ். நான் நட்டைத் தொலைக்காமல் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பொறுங்க வயரின் நிறம் பார்த்து இணைப்புக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் இரண்டு ஃபேன்களும் சுற்றின. அக்கா லாரியின் முன்னால் போய், ரேடியேட்டரை மறைக்கும் வலைத்தகட்டுக்கு நேரே உள்ளங்கையை நீட்டினாள். முகம் சுருங்கியது.

"காத்தே வரலியே."

"பொறுங்கக்கா, கலர்படிதான் குடுத்திருக்கேன்..."

"கலர் கெடக்கு. கையில காத்து படல பாரு. வயரை மாத்திக் குடு."

"பொறுங்க, அது வந்து..."

"மாத்துய்யா."

அக்காவிடம் வாதாடி ஜெயித்தவர் யாரும் எங்கள் குடும்பத்தில் இல்லை. பொறுங்க வெளியாள், அவர் மட்டும் என்ன செய்வார்? மாற்றினார். இந்தத் தடவை காற்று முன்பக்கமாக அடித்துக்கொண்டு வந்தது. அக்காவின் நெற்றி முடி பறந்தது. அவள் முகத்தில் மூன்று நாளில் முதல் சிரிப்பு. அத்தான்கூட வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்கினார். நான் கழுவின கைக்குட்டையை விரித்துப் பிடித்துக் காயவைத்தேன். எஞ்சின் சூடேறிய பிறகு காற்றும் சூடாக வந்தது. "உள்ள இருக்கற சூட்டை வெளிய தள்ளுது, அதான்" என்று நானே எல்லோருக்கும் விளக்கம் வேறு கொடுத்தேன். ஒரு மணி நேரம் எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டோம். முள் நடுவை விட்டு அசையவில்லை. வேலை முடிந்தது என்று துள்ளிக் குதிக்காத குறைதான், எல்லோரும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம்.

மறுநாள் தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு பெரிய சாலையில் சோதனைக்குப் போனோம், அக்காவும் நானும். வேகம் பிடித்து கால் மணி நேரம் ஆகியிருக்காது, முள் ஏறியது. சிவப்பைத் தொட்டதும் அக்கா ஓரம் கட்டினாள். ஃபேன் ஓட ஓட நின்றோம். பத்து நிமிஷத்தில் முள் இறங்கிவிட்டது. மறுபடி கிளம்பினோம், மறுபடி ஏறியது. நிற்கும்போது கொதித்த லாரி இப்போது ஓடும்போது கொதிக்க ஆரம்பித்திருந்தது. இப்படி ஒரு வண்டியை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

வீட்டில் அத்தானிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மலை ஏறும்போது ஓடவும் செய்யணும், நிக்கவும் செய்யணும். முன்னே பாதிதான் கெட்டிருந்துச்சு, இப்ப மீதியும் போச்சா? பழைய ஃபேனையே மாட்டிடு. இல்லன்னா விட்டுடு. இன்னும் நாலே நாள்தான் இருக்கு."

"நாலு நாள் இருக்கில்ல" என்று சொல்லிவிட்டு அக்கா ஸ்பானர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று முழுக்க அவள் சென்சாரைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. ரேடியேட்டர் அடைப்பைச் சுத்தம் செய்தாள். தெர்மோஸ்டாட்டை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. பொறுங்கவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொட்டகை ஓரத்திலிருந்து அத்தான் என்னைப் பார்த்து, இன்னுமா பேசவில்லை என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். நான் குளத்தைப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில்தான் அது நடந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முன்பக்கத்து வலைத்தகட்டில் ஒட்டியிருந்த பூச்சிகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, துணியை அதிலேயே செருகிவிட்டுத் திரும்பினாள். சென்சார் ஃபேனைப் போட்டது. துணி பறந்து வந்து என் முகத்தில் சப்பென்று அடித்தது.

நான் திட்டத் தொடங்கினேன். அக்கா கேட்கவே இல்லை. கீழே விழுந்த துணியை எடுத்து மறுபடி வலைமேல் வைத்துக் கையை எடுத்தாள். மறுபடி அது விசிறி அடித்துக்கொண்டு வந்தது.

"வண்டி முன்னால போகும்போது காத்து எங்கேருந்து எங்க போகும்?" என்று கேட்டாள்.

"முன்னாலேருந்து உள்ள."

"நம்ம ஃபேன்?"

நான் யோசித்தேன். "உள்ளேருந்து... முன்னால."

"ரெண்டும் நடுவுல முட்டிக்கிட்டு நிக்குதுடா" என்றாள். "ஃபேன் ஊதக்கூடாது. உறிஞ்சணும். அவன் சரியாத்தான் குடுத்தான். நான்தான் மாத்தச் சொன்னேன்."

நான் இதை வைத்து அவளைக் கேலி செய்திருக்கலாம். வாழ்நாள் முழுக்க வைத்துச் செய்திருக்கலாம். ஆனால் அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவள் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலை, ஒவ்வொரு குளத்துக் காற்றுக் குழாயின் முனையிலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. கையில் காற்று பட்டால் குஞ்சு பிழைக்கும், படாவிட்டால் சாகும். அந்த வீட்டில் எல்லோருக்கும் காற்று என்றால் கையில் வந்து படுகிற காற்றுதான். வேறு யாராவது வீட்டு லாரியாக இருந்திருந்தால் யாராவது ஒருவராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நாங்கள் வரிசையில் நின்று காற்று வாங்கினோம்.

அக்கா நேராக அத்தானிடம் போனாள். "தப்பு ஃபேன்ல இல்ல. என்மேல" என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். பொறுங்க வயரை மாற்றிக்கொண்டே முனகினார்: "நான்தான் பொறுங்கன்னு சொன்னேனேக்கா."

"நீ எப்பய்யா அதைச் சொல்லாம இருந்தே? வீடு தீப்பிடிச்சாலும் அதைத்தான் சொல்லுவே."

மாற்றியபின் துணியை வைத்துப் பார்த்தோம். வலையோடு பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. பெரிய சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினோம். முள் அசையவில்லை.

இத்தோடு தீர்ந்ததா என்றால் இல்லை. வண்டி நிற்கும்போது இரண்டு ஃபேன்களும் காற்று பம்பும் சேர்ந்து ஓடினால், தொட்டியில் குமிழி குறைந்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் இத்தனைக்கும் போதவில்லை. பெரிய ஆல்டர்னேட்டர் வர இன்னும் பத்து நாள் ஆகும் என்றார் பொறுங்க. தேதியைத் தள்ளவும் வழியில்லை. சங்கத்தார் அந்த நாளுக்காக ஏரியில் வலை போடுவதை நிறுத்தியிருந்தார்கள். இங்கே குஞ்சுகளுக்குத் தீனியை நிறுத்தியாகிவிட்டது. ஏற்றுவதற்கு முன் வயிறு காலியாக இருந்தால்தான் வழியில் தண்ணீர் கெடாது.

"நிக்கற இடத்துல ஆக்ஸிலேட்டரை மிதிச்சே வச்சிருந்தா ரெண்டும் ஓடும். இந்தத் தடவை காலாலயே பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

விடியும் நேரத்தில் இருபதாயிரம் குஞ்சுகளை ஏற்றினோம். அத்தான் தொட்டி மூடியை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தார். கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, "ஜாக்கிரதை" என்று மட்டும் சொன்னார். அக்காவிடம் சொன்னாரா என்னிடமா என்று தெரியவில்லை.

மலை ஏறத் தொடங்கியபோது என் கண் முள்ளைவிட்டு நகரவில்லை. முள் நடுவில் நின்றது. பாதி மலையில், எதிர்பார்த்த இடத்தில், பச்சைக் கொடி பிடித்த தொழிலாளி கொடியை மாற்றிச் சிவப்பைக் காட்டினார். எங்களுக்கு முன்னால் நாற்பது வண்டிகள் இருக்கும். அக்கா ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலேட்டரை அளவாக மிதித்துப் பிடித்தாள். ஃபேன்கள் சீறின. நான் இறங்கி ஓடிப்போய்த் தொட்டிமேல் ஏறிப் பார்த்தேன். குமிழிகள் நன்றாக வந்துகொண்டிருந்தன. குஞ்சுகள் அடியில் அமைதியாகத் திரிந்தன.

"நல்லா இருக்கு!" என்று கத்தினேன்.

இருபது நிமிஷம் என்று நினைத்தோம். மேலே ஒரு மண்வெட்டும் இயந்திரம் குறுக்கே மாட்டிக்கொண்டது என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். அரை மணி ஆயிற்று. பின்னால் இருந்த கார்க்காரர் வந்து, "எஞ்சினை அணைங்கம்மா, புகை தாங்கல" என்றார். "உள்ள இருபதாயிரம் உசுரு இருக்கு. கண்ணாடியை ஏத்திக்கோங்க தம்பி" என்றாள் அக்கா. அவர் தொட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அப்போதுதான் அக்காவின் வலது கால் நடுங்குவதைக் கவனித்தேன். அரை மணி நேரமாக ஒரே அளவில் பிடித்த கால். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு செங்கல்லை எடுத்து வச்சிடலாமா?"

"செங்கல்லு முள்ளைப் பாக்குமா?"

"அப்ப நான் மிதிக்கறேன். நகரு."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். வேறு வழியில்லை. இடம் மாறினோம். மாறும் அந்த நொடியில் எஞ்சின் சத்தம் இறங்கியது. பயத்தில் ஓங்கி மிதித்துவிட்டேன். லாரி உறுமியது. என் தொடையில் பளீரென்று ஒரு அடி விழுந்தது.

"பெடல்டா அது. கரப்பான்பூச்சி இல்ல. மெதுவா."

மெதுவாக மிதிக்கக் கற்றுக்கொண்டேன். பத்து நிமிஷம் நான், பத்து நிமிஷம் அவள். மிதிக்காதவர் தொட்டியைப் போய்ப் பார்ப்பது. என் முறை வந்து உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது. அத்தான். "அக்கா ஓட்டறா, அப்புறம் பேசறேன்" என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். தொட்டியைப் பார்த்துவிட்டு அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"அக்கா, அத்தான் உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார்."

"லாரியை விக்கச் சொல்லித்தானே? தெரியும். ராத்திரி தூக்கத்துல உளறுவார்." அவள் தன் கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டே சொன்னாள். "அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான்டா. நான் என்ன கல்லா? ஆனா பயந்துகிட்டு வீட்ல உக்காந்தா, இது ஃபேனால போச்சா என்னால போச்சான்னு கடைசி வரைக்கும் தெரியாம போயிடும். அது எனக்கு வேணாம்."

நின்றது மொத்தம் ஐம்பத்தைந்து நிமிஷம். பச்சைக் கொடி காட்டியபோது முள் நடுவிலேயே இருந்தது. அக்கா சீட்டுக்கு வந்து, வலியில் ஒருமுறை கண்ணை மூடித் திறந்து, கியர் போட்டாள்.

ஏரிக்கரையில் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். லாரியிலிருந்து இறங்கியதும் நான் பார்த்தது ஏரியை அல்ல, குழியை. கரையோரம் இடுப்பளவு ஆழத்துக்குப் புதிதாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் மண் குவியல். செத்த குஞ்சுகளைச் சங்கத்தார் முன்னால் எண்ணிப் புதைப்பது அவர்கள் வழக்கம். எப்போதும் எண்ணி முடித்த பிறகுதான் வெட்டுவார்கள். இந்தத் தடவை நாங்கள் வருவதற்கு முன்பே வெட்டி வைத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செயலாளரிடம் கேட்கப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"முதல்ல குஞ்சு" என்றாள்.

உடனே திறந்துவிடச் சொன்னார்கள். அவள் மறுத்துவிட்டாள். ஏரித் தண்ணீர் தொட்டித் தண்ணீரைவிடக் குளிர்ச்சி. திடீரென்று விட்டால் குஞ்சுகள் தாங்காது. வாளி வாளியாக ஏரித் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, முக்கால் மணி நேரம் கையை உள்ளே விட்டு விட்டுப் பார்த்தாள். சங்கத்தார் கொட்டாவி விட்டார்கள். பிறகு குழாயைத் திறந்தாள். குஞ்சுகள் தண்ணீரோடு சரசரவென்று இறங்கின. கரையோரம் ஒரு நொடி கறுப்பாகக் கூடி நின்றுவிட்டு, கலைந்து ஆழத்துக்குள் போய்விட்டன. செயலாளர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று மிதக்கும் குஞ்சுகளைத் தேடினார். தொட்டியின் அடியையும் வலையால் அரித்தார்கள்.

ஒரு சின்னத் தட்டில் போட்டு எண்ணினார்கள். நாற்பத்தொன்று.

செயலாளர் மறுபடியும் எண்ணினார். நாற்பத்தொன்றுதான். வெட்கமில்லாமல் அழுதேன், சங்கத்தார் பார்க்கட்டும் என்று. அக்கா அழவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு, வலது காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, அந்தப் பெரிய குழியின் ஓரத்தில் மண்டியிட்டு, குஞ்சுகளை மெதுவாக உள்ளே சரித்தாள். அத்தனை ஆழத்தில் அவை இருக்கும் இடமே தெரியவில்லை.

எழுந்ததும் அவள் பார்த்தது அந்தக் குழியை அல்ல. நாலடி தள்ளிப் புல் முளைத்த ஒரு மேட்டைப் பார்த்தாள். போன வருஷத்துக் குழி.

"போன வருஷம் இங்க வந்து பாக்கலடா நான்" என்றாள் என்னிடம். "கூட வந்த அத்தான்தான் நின்னார். பதினோராயிரத்தையும் அவரே போட்டார். நான் வண்டியை விட்டு இறங்கவே இல்ல."

அந்த மேட்டின் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். நானும் போய் நின்றேன். செயலாளர் பின்னால் வந்து தொண்டையைக் கனைத்தார்.

"அடுத்த வருஷம் எந்த மாசம் வர்றீங்கம்மா?"

அக்கா திரும்பினாள். "அந்தக் குழியை மூடுங்க. மூடிட்டு வாங்க, சொல்றேன்."

செயலாளர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். யாரும் நகரவில்லை. அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். குழி பெரிது, மூட நேரம் ஆயிற்று. கடைசி மண்ணைத் தள்ளி மிதித்து முடிக்கும்வரை அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மாசத்தைச் சொன்னாள். அவர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

லாரியில் ஏறும்போது அவளால் வலது காலைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் அதைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, என் ஃபோனைக் கேட்டு வாங்கி அத்தானுக்கு அடித்தாள். மறுமுனையில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயம். மூச்சு மட்டும் எனக்கே கேட்டது.

"நாப்பத்தொண்ணு" என்றாள் அக்கா.

"நாப்பத்தொரு நூறா? நாலாயிரத்துச் சொச்சமா?" என்று அத்தான் மெல்லக் கேட்டார்.

"இல்லங்க. வெறும் நாப்பத்தொண்ணு. நானே இறங்கிப் போய் என் கையாலயே போட்டுட்டேன்."